சைக்கிள் ஓட்டிவிட்டு வந்ததும் தலைவலியா? மாத்திரைக்கு முன் நான்கு கேள்விகள்

(நம் குடியிருப்பின் ஞாயிறு சைக்கிள் குழு நடத்திய கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வு பெற்ற செவிலியர் பேசியதன் எழுத்து வடிவம்.)

"சிஸ்டர், பத்து நிமிஷம் பேசுங்கள், போதும்" என்று செயலாளர் சொன்னார். பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன். சுண்டல் ஆறிவிடும்.

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகு சைக்கிள் வாங்கியது உங்களுக்குத் தெரியும். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு உங்களோடு கிளம்பி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், எட்டரை மணிக்குத் திரும்புவார். வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "தலை விண் விண் என்று தெறிக்கிறது" என்பார். நான் டப்பாவைத் திறந்து ஒரு வலி மாத்திரை கொடுப்பேன். மத்தியானம் வரை படுத்திருப்பார். நான்கு மாதம் இப்படியே போயிற்று.

வார்டில் முப்பது வருஷம், "எங்கே வலிக்கிறது? எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டவள் நான். வீட்டில் ஒரு ஞாயிறுகூடக் கேட்கவில்லை.

பிறகு வேறு எதற்கோ டாக்டரிடம் போனபோது பி.பி. பார்த்தார்கள். 170/100. "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். பி.பி. ஏறினால் தலை வலிக்கும் என்று பலர் நினைக்கிறோம். மிகவும் எகிறினால் ஒழிய, பெரும்பாலும் அது வலி தராமல்தான் இருக்கும். ஆனால் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பி.பி.யை ஏற்றக்கூடியவை. வியர்த்து, உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில் போட்டால் சிறுநீரகத்துக்கும் சுமை. முதல் ஞாயிறே நான் கேள்வி கேட்டிருந்தால் பி.பி.யும் அன்றே தெரிந்திருக்கும். அதனால்தான் இன்று கேட்கச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: என்ன குடித்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்?

நம் ஊர்ப் புழுக்கத்தில் விடிகாலையிலேயே வியர்வை ஊற்றும். கிளம்பும்போதும் வந்த பிறகும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று கணக்கு. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தாலும் அதே அர்த்தம்தான். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நாலு மடக்குக் குடியுங்கள்.

தண்ணீரோடு உப்பும் போகிறது. கேளம்பாக்கத்து உப்பளங்களைத் தாண்டித்தான் போகிறீர்கள், ஆனால் உடம்பில் உப்பில்லாமல் திரும்புகிறீர்கள். பனியனில் வெள்ளைக் கோடு விழுகிறவர்களுக்கு உப்பு அதிகம் போகிறது. வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி வரலாம். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. இளநீரும் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ். என்றால் ஒரு லிட்டர் பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பி.பி., இதயம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் எவ்வளவு உப்பு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள். ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடுக்கம், வியர்வையோடு தலைவலி வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே நிறுத்தி, இனிப்பாக எதையாவது சாப்பிடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ்நிலை.

அப்புறம் காபி. தினமும் ஆறு மணிக்கு டிகாஷன் காபி குடிப்பவர், ஞாயிறு மட்டும் குடிக்காமல் கிளம்பினால், முந்தின நாள் மாலைக் காபிக்குப் பிறகு பதினைந்து மணி நேரம் ஆகிவிடும். அந்த ஏக்கமே தலையைப் பிளக்கும். அரை டம்ளர் குடித்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது கேள்வி: எங்கே வலிக்கிறது?

நெற்றியைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல் வலித்து, ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு மணி நேரத்துக்குள் விட்டுப் போனால், ஹெல்மெட் இறுக்கம்தான் காரணம். பின்னால் உள்ள திருகைத் தளர்த்துங்கள். ஹெல்மெட் போடாமல் போவது தீர்வல்ல. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, தாடை வாருக்குள் ஓரிரு விரல் நுழையும் அளவு. அது போதும்.

பிடரியில் தொடங்கி மேலே ஏறிக் கண்ணுக்குப் பின்னால் வந்து நின்றால், அது கழுத்து வலி. முன்னால் குனிந்துகொண்டு, தலையை மட்டும் நிமிர்த்திச் சாலையைப் பார்க்கிறோம். மண்டைக்குக் கீழே இருக்கும் சின்னத் தசைகள் மூன்று மணி நேரம் இறுகியே இருக்கின்றன. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள். முழங்கையை மடக்கி, தோளைத் தளர்த்தி ஓட்டுங்கள். கண்ணாடி மூக்கில் வழுக்கினால் தலையை இன்னும் தூக்க வேண்டிவரும். ஒரு கண்ணாடிக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

கோவளம் போகும்போது சூரியன் நேர் எதிரே. கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஓட்டினாலும் நெற்றி வலிக்கும். விடிந்த பிறகு கறுப்புக் கண்ணாடி போடலாம்.

மூன்றாவது கேள்வி: எப்போது தொடங்குகிறது?

சிலருக்கு வேகமாக மிதிக்கும்போதோ, நிறுத்திய உடனேயோ தலை முழுவதும் துடிக்கும். கடும் உழைப்பினாலேயே வரும் தலைவலி உண்டு. வெயிலில் அதிகம் வரும். முதல் பத்து நிமிஷம் மெதுவாக மிதித்து, கடைசிப் பத்து நிமிஷம் மெதுவாக முடித்தால் பலருக்குக் குறையும். ஆனால் முதல் முறை வரும்போது, "இது வெறும் உழைப்பால் வந்தது" என்று நாமே முடிவு கட்டக் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். மிதித்தால் வந்து, நின்றால் போகும் தலைவலி சில பேருக்கு இதயத்திலிருந்தும் வரும். ஐம்பதைத் தாண்டியவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது கேள்வி: இதுவரை இல்லாத ஏதாவது இருக்கிறதா?

இதற்கு "ஆமாம்" என்றால் மாத்திரையும் வேண்டாம், இளநீரும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். இடி இறங்கியதுபோல் ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வெயிலில் உடம்பு கொதித்துப் பேச்சு தடுமாறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும்.

கடைசியாக, விழுந்த பிறகு வரும் தலைவலி. போன பருவத்தில் நம் பிள்ளைகளில் ஒருவன் மண் சறுக்கி விழுந்தான். ஹெல்மெட்டில் விரிசல். சைக்கிளைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து வீட்டில் சொல்லவில்லை. ராத்திரி வாந்தி எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, பிழைத்தோம். தலையில் அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து மயங்கியதை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். உள்ளே ரத்தம் கசிய நேரம் பிடிக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் சின்ன அடியானாலும் போய்க் காட்ட வேண்டும். பெற்றோர்களே, இன்று ராத்திரியே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: "விழுந்தால் சொல், சைக்கிளைப் பிடுங்க மாட்டோம்." சொன்னபடி பிடுங்காமலும் இருங்கள். விரிசல் விட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இந்த நான்கும் இல்லாத சாதாரண வலிக்கு என்ன செய்யலாம்? நிழல், மோர், சாப்பாடு, கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம். அதற்கும் கேட்காவிட்டால் ஒரு பாரசிட்டமால், அதுவும் தண்ணீர் குடித்த பிறகு. வாரா வாரம் மாத்திரை தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். டாக்டர் பி.பி.க்கு மருந்து கொடுத்து, அது கட்டுக்குள் வரும்வரை சைக்கிளை நிறுத்தச் சொன்னார். திரும்ப ஆரம்பித்தபோது நான்கு ஞாயிறு நோட்டில் எழுதினோம். வலி பிடரியில், திரும்பி வரும்போது தொடங்குகிறது. தண்ணீர் அரை பாட்டில்தான் காலி. காபி இல்லை. ஹேண்டில்பாரை உயர்த்தினோம், கயிறு கட்டினோம், காபி கொடுத்தேன், பாட்டிலைக் காலி செய்யாமல் வந்தால் டிபன் இல்லை என்றேன். தலைவலி போயிற்று. பி.பி. போகவில்லை. தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலை செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் ஒரு எடை பார்க்கும் மெஷினும் ஒரு பி.பி. மெஷினும் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை நான் உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரை டப்பாவைக் கொண்டுவர மாட்டேன். கேள்வி மட்டும் கேட்பேன்.

சுண்டல் சாப்பிடலாம்.