பள்ளித் தோட்டமும் ஒரே பந்தியும்
(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

"கல்வியும் சமுதாய முன்னேற்றமும்" என்னும் தலைப்பில் பேசுமாறு கழகச் செயலாளர் பணித்தார். அதனைப் பேச நம்மினும் வல்லவர் பலர் இம்மேடையில் இருக்கின்றனர். நாம் பேச வந்தது வெண்டைக்காயையும் கீரையையும் பற்றி. சிரிக்க வேண்டாம், தலைப்பை விட்டு நாம் வெகுதூரம் போய்விட மாட்டோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், நாம் பணிபுரியும் பள்ளியின் பின்புறம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த பத்து சென்ட் அளவுள்ள இடத்தைத் திருத்தினோம். பிள்ளைகள் கை கழுவும் நீர் வீணே தேங்கிக் கொசுவை வளர்த்துக்கொண்டிருந்தது. அதனை வாய்க்கால் வெட்டித் திருப்பினோம். ஆடிப் பட்டத்தில் கத்தரி, வெண்டை, அவரை, புடலை போட்டோம். வேலியோரம் முருங்கைப் போத்துகளை நட்டோம். அரைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவினோம்; கலவாமல் தூவினால் ஓரிடத்திலேயே குவிந்து முளைத்துவிடும்.

மூன்றாவது வாரம் நம் தெருவைச் சேர்ந்த ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "ஐயா, மம்பட்டி புடிக்கக் கூடாதுன்னுதானே புள்ளைய இங்க அனுப்புறோம். இங்கயும் மம்பட்டியா?" என்றார்.

அவருக்கு நாம் உடனே விடை சொல்லவில்லை. சொல்ல இயலவில்லை என்பதே உண்மை. பள்ளியில் அரைநாள் படிப்பு, மீதிப் பொழுது தகப்பன் தொழில் என்று 1953-இல் ஒரு திட்டம் வந்ததையும், குலக்கல்வி என்று நாடே அதனை எதிர்த்ததையும், 1954-இல் அது கைவிடப்பட்டதையும் இங்குள்ள முதியோர் அறிவர். அந்தத் தாய் அவ்வரலாற்றைப் படித்தவரல்லர். ஆயினும் அவர் கேட்டது அதே கேள்விதான்.

மறுநாள் காலை தோட்டத்தின் ஓரத்தில் நின்று வாய் பேசாமல் பார்த்தோம். பூவாளியால் நீர் ஊற்றுவோர் ஊர்ப் பிள்ளைகள். விதை எண்ணுவோரும் அவர்களே. கூடையில் எருவைச் சுமந்து வருவோர் அத்தனை பேரும் நம் பிள்ளைகள்! எவரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆசிரியரின் கண் தானாக அப்பக்கம் போயிருக்கிறது. பிள்ளைகளின் கைகளும் தாமாகக் கூடையைத் தூக்கியிருக்கின்றன. நம் தெருவிலேயே பிறந்து வளர்ந்த நமக்கும் இது மூன்று வாரம் கண்ணில் படவில்லை. இதனைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆயினும் இங்கே சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

அன்றே முறைப்பட்டியல் எழுதி ஒட்டினோம். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எரு சுமத்தல், களை பறித்தல், நீர் பாய்ச்சல், கணக்கு எழுதல் ஆகிய நான்கு வேலையும் எல்லார்க்கும் சுற்றி வரும். ஆசிரியர்களும் பட்டியலில் உண்டு. வெள்ளிக்கிழமை எருக்கூடை நம்முடையது. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாணம் தொட்டுப் பழக்கமில்லையே என்று ஓர் ஆசிரியர் தயங்கினார். மாடுகள் கட்டியிருப்பதே பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான் என்பது அவருக்கு நினைவில்லை போலும்.

பின்னர் அந்தத் தாயின் வீட்டிற்குச் சென்று மகனுடைய கணக்கேட்டைக் காட்டினோம். வெண்டைக்கு வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி என்றால் இப்பாத்தியில் எத்தனை செடி? ஊன்றிய விதையில் முளைத்தது நூற்றுக்கு எத்தனை? ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்ததன் எடை என்ன? யாவும் அவன் கையெழுத்தில் இருந்தன. நம் தந்தையார் ஆயுள் முழுதும் பிறர் நிலத்தில் விதைத்தவர். எத்தனை மூட்டை விளைந்தது என்று எழுதும் ஏடு ஒருநாளும் அவர் கையில் இருந்ததில்லை. அந்தத் தாய் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி ஐயா, எரு மட்டும் எல்லாப் புள்ளையும் சொமக்கணும்" என்றார். சுமக்கின்றனர் என்றோம்.

இனி அடுப்பிற்கு வருவோம். பயிரிடுதலைவிடச் சமைத்தலே கடினமாயிற்று. பள்ளியில் உணவு என்றாலே பந்தி என்னும் சிக்கல் உடன் வருவது நம் நாட்டின் வழக்கம். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள்ளேயே சேரன்மாதேவி குருகுலத்தின் தனிப்பந்தி தமிழகத்தையே உலுக்கியது. 1956-இல் காமராசர் மதிய உணவைத் தமிழ்நாடு முழுதும் கொண்டுவந்தார். 1982 சூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது நாம் மூன்றாம் வகுப்பு. சோறு சூடாகக் கிடைத்தது. அதற்கு என்றும் நன்றியுடையோம். ஆனால் நாம் அமர்ந்த இடம் சுவரோரம் தனி வரிசை. அதை எவரும் ஆணையிட்டு எழுதி வைக்கவில்லை. உணவு சமைக்கும் பணியில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஆணையிட்டது. அவ்வாறு பணியேற்ற நம் சகோதரியர் சமைத்ததை உண்ண மறுத்த ஊர்களின் பெயர் அதன் பின்னும் செய்தித்தாளில் வரக் கண்டோம்.

நம் பள்ளியில் பறிக்கும் காய் நாள்தோறும் சத்துணவுக் கூடத்திற்குப் போகும். திங்களுக்கு ஒரு சனிக்கிழமை மட்டும் பிள்ளைகளே சமைப்பர். சிறியவர் கீரை ஆய்வர், பெரியவர் அரிவர், அடுப்பருகே ஆசிரியர் நிற்பர். ஆண்பிள்ளைகளுக்கும் மத்து உண்டு. கீரையை அரிந்தபின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். ஆதலின் கழுவியபின் அரிய வேண்டும். வேக வைத்த நீரைக் கொட்டலாகாது. கீரையிலுள்ள வைட்டமின் ஏ உடலில் சேரச் சிறிது எண்ணெய் வேண்டும். தாளிப்பது அதற்கும் உதவுகிறது. இவற்றை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நம்மைவிடத் தெளிவாகச் சொல்வர்.

முதற் சனியன்று ஊர்ப் பிள்ளைகள் ஐவர் வீட்டிலிருந்து டப்பாவில் சோறு கொண்டுவந்து வேம்படியில் தனியே அமர்ந்தனர். நாம் கண்டிக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. புடலைக் கூட்டு இறங்கியது. ஐவரில் ஒரு சிறுவன் எழுந்து வந்தான். அந்தப் புடலைக்குப் பந்தல் போட்டதும், நேராக நீள நுனியில் கல் கட்டியதும் அவன்தான். "ஐயா, அது என் புடலங்காய். எனக்கும் வேணும்" என்றான். வரிசையில் இடம் விட்டார்கள், அமர்ந்தான். அடுத்த திங்கள் மேலும் மூவர் வந்தமர்ந்தனர். ஐந்தாவது பிள்ளையைப் பெற்றோர் வேறு பள்ளியில் சேர்த்துவிட்டனர். நாம் இருமுறை வீடு தேடிச் சென்றும் பயனில்லை. அவன் நட்ட முருங்கை இப்போது காய்க்கிறது.

கழக இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறோம். நீங்கள் நடத்தும் மாலைப் பாடசாலைகளின் பின்புறம் இரண்டு பாத்திக்கேனும் இடமிருக்கும். சென்ற ஆண்டு செடியிலேயே முற்றிக் காயவிட்ட வெண்டை விதையைப் பிள்ளைகள் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். வாயிலருகே மேசைமீது இருக்கிறது. பாடசாலைக்கு ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள். இரவு முழுதும் நீரில் ஊறவைத்துக் காலையில் ஊன்றுங்கள். முறைப்பட்டியலை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். நம்மைப் போல் மூன்று வாரம் காத்திராதீர்கள்.