பதிவைக் காலாவதியாக விடாதீர்கள்!
(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



'வேலையில்லாதவனுக்கு அரசாங்கம் பணம் தருகிறதாம். நமக்கெல்லாம் எங்கே தரப் போகிறார்கள்?' என்று தெருமுனையில் நின்று பேசுகிறோம். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் ஒரு கையும் உயரவில்லை. கேட்காமலேயே மறுத்துவிட்டார்கள் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

2006-ல் தமிழக அரசு தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் இது. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலை முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்குக்கு வரும். மூன்றாண்டுகள் கிடைக்கும். பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இல்லை. கல்லூரிக்கு நாள்தோறும் போய்ப் படிப்பவர்களுக்கும் இல்லை. அஞ்சல் வழியில் படிப்பவர்கள் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் கூடுதல், காலமும் பத்தாண்டுகள்.

பட்டதாரிக்கு நாளைக்கு இருபது ரூபாய்! சிரிப்பு வருகிறதா? தேர்வுக் கட்டணத்துக்கும் நேர்காணலுக்குப் போகும் பஸ் செலவுக்கும் வாப்பாவிடம் கை நீட்டக் கூசி நிற்கிற இளைஞனைக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் 1,800 ரூபாயின் அருமையை அவன் சொல்வான்.

நம் பிள்ளைகள் கோட்டை விடுவது எங்கே தெரியுமா? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து 5 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இடையில் அறுபடாமல் இருக்க வேண்டும். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால்தான் அது உயிரோடிருக்கும். ஒரே தெருப் பிள்ளைகள் இருவர் 2019-ல் பத்தாவது தேறிப் பதிவு செய்தார்கள் என்று வையுங்கள். ஒருவன் 2022-ல் புதுப்பித்தான். 2024-ல் விண்ணப்பிக்கும் தகுதி பெற்றுவிட்டான். இன்னொருவன் விசாவுக்கு அலைந்ததில் மறந்துவிட்டான். 2023-ல் ஞாபகம் வந்து புதிதாகப் பதிந்தால், 2028 வரை அவன் காத்திருக்க வேண்டும். அரசு எப்போதாவது விடுபட்டவர்களுக்குச் சலுகை அறிவிக்கும். அதை நம்பி உட்காராதீர்கள். இப்போது இணையத்திலேயே புதுப்பிக்கலாம், ஐந்து நிமிட வேலை. வயது 40-ஐத் தாண்டினாலும் கதவு சாத்தப்படும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மட்டும் 45.

'உதவித்தொகை வாங்கினால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள், அரசு வேலை வராது' என்று ஒரு வதந்தி உலவுகிறது. பொய். தொகை வாங்குவதால் பதிவு மூப்புக்கு எந்தச் சேதமும் இல்லை.

இன்னொன்றையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. மாதம் 6,000! இன்றைய விலைவாசியில் இது என்ன வரம்பு? இதை உயர்த்தச் சொல்லி நாம் போராடலாம், மனுக் கொடுக்கலாம். ஆனால் கடையில் சம்பளத்துக்கு நின்றுகொண்டே 'வேலையில்லை' என்று ஆண்டுதோறும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை கிடைத்த அன்றே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பொய்க் கையெழுத்தில் வந்த காசு நமக்கு எதற்கு?

மதரஸாவில் ஓதிய தம்பிகளே! நானும் அங்கிருந்து வந்தவன்தான். ஓதி முடித்த பட்டத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் காட்டினால் எடுபடாது. பள்ளிக்கூடச் சான்று கேட்பார்கள். எட்டாம் வகுப்பையும் அதன்பின் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். அரபி இலக்கணத்தையே மனனம் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கும் அறிவியலும் மலையா? இதைச் சொல்ல வேண்டிய மதரஸா நிர்வாகிகள் பலர் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தமுண்டு.

2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக எத்தனை ஆண்டுகள் குரல் கொடுத்தோம்! சாதிச் சான்றிதழ் வாங்கி வீட்டில் வைத்துவிட்டால் ஆயிற்றா? உங்கள் பதிவில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போகும்போது அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தையும் எட்டிப் பாருங்கள். போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் புத்தகங்களும் இருக்கின்றன. பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். பதிவு என்றாலே ஆண்பிள்ளை விவகாரம் என்று எந்த அரசாணையில் இருக்கிறது?

வரும் ஞாயிறு காலை நம் கிளை அலுவலகத்தில் இரண்டு சகோதரர்கள் கணினியோடு உட்கார்ந்திருப்பார்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். பழைய பதிவு எண் இருந்தால் மறக்காமல் எழுதி எடுத்து வாருங்கள். அதைத் தேடுவதில்தான் பாதிப் பொழுது போகிறது.