பந்து இரண்டு முறை துள்ளலாம்



டென்னிஸில் மட்டையைப் பிடிப்பது கை. ஆளைப் பந்திடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது கால். சக்கர நாற்காலி டென்னிஸில் இந்த இரண்டு வேலையும் கைக்குத்தான். மட்டை பிடித்த அதே கையால் சக்கரத்தையும் தள்ள வேண்டும். அந்த நாற்காலியின் சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே அகன்று, சாய்ந்து நிற்கும். சட்டென்று திரும்பினாலும் கவிழாது. மல்லாந்து விழாமல் தாங்கப் பின்னால் ஒரு குட்டிச் சக்கரம். பந்தை அடித்துவிட்டு நின்றுவிடக் கூடாது. நின்றுபோன நாற்காலியை மறுபடி உருட்டி வேகம் எடுப்பதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். அதனால் அடித்த கையோடு வளைந்து திரும்பி, ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த ஆட்டத்துக்கு வித்திட்டவர் பிராட் பார்க்ஸ் என்ற அமெரிக்க இளைஞர். 1976-ல், 18 வயதில், பனிச்சறுக்கில் சாகசம் செய்யும்போது விழுந்ததில் அவருடைய கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் டென்னிஸ் ஆடிப் பார்த்துக்கொண்டிருந்த ஜெஃப் மின்னென்பிரேக்கரை அவர் சந்தித்தார். இருவரும் சேர்ந்து ஆட்டத்தைப் பரப்பக் கிளம்பினார்கள். 1977-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதல் போட்டிக்கு வந்தவர்கள் சுமார் 20 பேர்.

விதியில் அவர்கள் மாற்றியது ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான். பந்து தரையில் இரண்டு முறை துள்ளலாம். இரண்டாவது துள்ளல் கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் பரவாயில்லை. வலையின் உயரம், ஆடுகளத்தின் அளவு, பந்து, புள்ளிக் கணக்கு எதையும் தொடவில்லை. இந்த ஆட்டம் வளர்ந்ததற்கு இதுவே முதல் காரணம் என்பேன். புதுக் களம் கட்ட வேண்டியதில்லை. இருக்கிற களத்திலேயே ஆடலாம்.

1988-ல் சியோல் பாராலிம்பிக்கில் காட்சிப் போட்டி. 1992-ல் பார்சிலோனாவில் பதக்கப் போட்டி. 1998-ல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. விம்பிள்டன் 2005-ல் ஆண்கள் இரட்டையருக்குக் கதவைத் திறந்தது. ஆனால் புல்தரையில் சக்கரம் உருட்டுவது கடினம் என்பதால், ஒற்றையர் ஆட்டத்துக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நெதர்லாந்தின் எஸ்தர் வெர்கீரைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 2003 தொடக்கத்தில் ஓர் ஒற்றையர் ஆட்டத்தில் தோற்றார். அதன் பிறகு, 2013-ல் ஓய்வு பெறும்வரை, தோல்வியே இல்லை. தொடர்ச்சியாக 470 வெற்றிகள்! 2008 பெய்ஜிங் பாராலிம்பிக் இறுதிப் போட்டியில் மட்டும், எதிரே ஆடிய கோரி ஹோமன் இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்திருந்தால் அந்தச் சங்கிலி அறுந்திருக்கும். வெர்கீர் அதையும் தாண்டித் தங்கம் வென்றார்.

ஜப்பானின் ஷிங்கோ குனியெடா 28 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்றவர். எலும்புப் புற்றுநோயோடு போராடிய டோக்கிட்டோ ஓடா என்ற சிறுவன், லண்டன் பாராலிம்பிக்கில் குனியெடா ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் மட்டையைக் கையில் எடுத்தான். அதே ஓடா 17 வயதில், 2023 பிரெஞ்சு ஓபனில் பட்டம் வென்றார்.

2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி, யு.எஸ். ஓபனில் சக்கர நாற்காலிப் பிரிவை நீக்கினார்கள். வீரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் டிலன் ஆல்காட் வெளிப்படையாகக் கண்டித்தார். மற்ற வீரர்களும் குரல் கொடுத்தார்கள். சில நாட்களில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு அதே களத்தில் ஆல்காட்டும் நெதர்லாந்தின் டீடா டி குரோட்டும் வென்றார்கள். நான்கு கிராண்ட்ஸ்லாம், பாராலிம்பிக் தங்கம், எல்லாம் ஒரே ஆண்டில், இருவருக்குமே.

நேயர்களே, நடக்கிறவரும் நாற்காலியில் இருப்பவரும் எதிரெதிரே ஆட விதி இடம் தருகிறது. அவருக்கு இரண்டு துள்ளல், உங்களுக்கு ஒன்று. உங்கள் ஊர் டென்னிஸ் களத்துக்குள் ஒரு சக்கர நாற்காலி நுழைய வழி இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். படிக்கட்டு மட்டும்தான் இருக்கிறது என்றால், ஒரு சாய்தளம் வேண்டும் என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள்.