காமாலையும் கல்லீரலும்



கண் மஞ்சளித்தவுடன் நாம் கீழாநெல்லியைத் தேடி ஓடுகிறோம். அசுத்த நீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். பெருமையோ பச்சிலைக்குப் போய்விடுகிறது. 1988-ஆம் ஆண்டில் சென்னை ஆய்வாளர்கள் அம்மூலிகையை ஆராய்ந்து, நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டது மெய்யே. ஆயினும் பின்னர்ப் பிறர் நடத்திய ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை.

காமாலை அறிகுறியேயன்றி நோயன்று. அது தோன்றாமலே கல்லீரல் கெடுவதும் உண்டு. ஓயாத அயர்ச்சி, பசியின்மை, பாலில்லாத் தேநீர்போன்ற சிறுநீர் ஆகியவற்றைப் புறக்கணிக்கலாகாது. நோய் முற்றினால் காலில் விரல் அழுத்திய இடம் குழிவிழும். உடல் மெலிய, வயிறு மட்டும் பெருக்கும். அதனைத் தொந்தியென்று எண்ணி மகிழ்ந்தவரையும் நாம் கண்டிருக்கிறோம்! இரத்த வாந்தி, தார்போன்ற கரிய மலம், பகலுறக்கமும் இரவு விழிப்புமாய்ப் புத்தி தடுமாறுதல் – இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

குடியாதவர்க்கு இது வாராதென்பதும் தவறு. பி, சி வகைக் கிருமிகளும் நீரிழிவும் உடற்பருமனும் கல்லீரலைக் கெடுக்கும். பி வகைக்குத் தடுப்பூசியுண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசியைப் போடவேண்டும். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இவ்விரு கிருமிகளுக்குமான சோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.