ஸ்ரெப்ரெனிகா: மறுப்போரும் சான்றுகளும்



  

நடக்காத ஒன்றை நடந்ததாகக் கூறுவது பொய் என்பதை நாம் அறிவோம். நடந்ததை நடக்கவில்லை என்று சாதிப்பதும் அதே பொய்தான். அதிலும் கொல்லப்பட்டவர்களைப் பற்றி அவ்வாறு கூறுவது, எஞ்சியிருக்கும் உறவினர்களுக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநியாயமாகும்.

பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகா நகரை ஐக்கிய நாடுகள் சபை 1993 ஏப்ரலில் பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. 1995 ஜூலை 11 அன்று ஜெனரல் ராட்கோ மிலாடிச்சின் பொஸ்னிய சேர்பியப் படையினர் அந்நகரைக் கைப்பற்றினர். ஆண்களையும் பதின்ம வயதுச் சிறுவர்களையும் பெண்களிடமிருந்து பிரித்தெடுத்தனர். அடுத்து வந்த சில நாட்களில் எண்ணாயிரம் பேரளவில் கொல்லப்பட்டனர். பொட்டோச்சாரி நினைவிடத்தில் 8,372 என்ற எண் பொறிக்கப்பட்டுள்ளது.

இது நடக்கவே இல்லை என்று ஒரு சாரார் கூறினர். நடந்தது, ஆனால் தொகை மிகைப்படுத்தப்பட்டது என்றனர் இன்னொரு சாரார். இறந்தோர் போரில் மடிந்த போராளிகளே என்பது மூன்றாவது கூற்று. 2002இல் பொஸ்னிய சேர்பியக் குடியரசின் அலுவலகம் ஒன்று வெளியிட்ட அறிக்கை, இறந்தோர் சுமார் 2,000 பேரே, அவர்களிலும் பெரும்பாலானோர் சண்டையில் மாண்டவர்கள் என்றது.

அவ்வாறாயின், புதைகுழிகளில் நூற்றுக்கணக்கான கண்கட்டுத் துணிகளும் கைகளைப் பிணைத்த கயிறுகளும் கம்பிகளும் எவ்வாறு கிடைத்தன? கண்கள் கட்டப்பட்ட ஒருவர் எந்தப் போரில் சண்டையிடுவார்?

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். கொலையாளிகள் 1995 செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் அப்புதைகுழிகளை இயந்திரங்களால் மீண்டும் தோண்டி, உடல்களை லொறிகளில் ஏற்றித் தொலைவிலுள்ள குழிகளில் புதைத்தனர். குற்றத்தை மறைப்பதற்காகச் செய்த அந்த வேலையே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. மண் கிளறப்பட்ட காலத்தை வான்வழிப் புகைப்படங்கள் காட்டின. கொஸ்லுக் என்ற இடத்தில், போத்தல் தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடிகள் கொட்டப்பட்ட நிலத்தில் மக்கள் சுடப்பட்டிருந்தனர். அதே கண்ணாடித் துண்டுகள் தொலைவிலுள்ள இரண்டாவது குழிகளிலும் கிடைத்தன. மண், வெற்றுத் தோட்டாக்கள், துணிகள் ஆகியவையும் பொருந்தின. ஒரே மனிதரின் எலும்புகள் வெவ்வேறு குழிகளிலிருந்து எடுக்கப்பட்டதும் உண்டு. உறவினர்களின் இரத்த மாதிரிகளுடன் மரபணுக்களை ஒப்பிட்டு, ஏறத்தாழ 7,000 பேர் இன்று பெயர் சொல்லி அடையாளம் காணப்பட்டுள்ளனர்.

சுட்டவர்களுள் ஒருவரே வாக்குமூலமும் அளித்தார். பிரன்யெவோ பண்ணையில் துப்பாக்கி ஏந்தி நின்ற டிராசன் எர்டெமோவிச், 1996இல் ஹேக் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2004இல் அந்நீதிமன்றின் மேன்முறையீட்டுப் பிரிவு இதனை இனப்படுகொலை எனத் தீர்ப்பளித்தது. சர்வதேச நீதிமன்றமும் 2007இல் அவ்வாறே முடிவு செய்தது. அதே 2004இல் சேர்பியக் குடியரசின் ஆணைக்குழுவே ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் காணாமற்போனதை ஏற்றுக்கொண்டது. 2018இல் அக்குடியரசின் பாராளுமன்றம் அவ்வறிக்கையை நிராகரித்தது. சான்றுகள் மாறவில்லை, அரசியல்தான் மாறியது.

நேயர்களே! இனி நம் வீட்டைப் பார்ப்போம். பாடம் முடிந்த ஒரு மாலையில் இளைஞர் ஒருவர் என்னிடம், "மௌலவி, ஹிட்லர் யூதர்களைக் கொன்றது கட்டுக்கதைதானே?" என்று கேட்டார். ஸ்ரெப்ரெனிகாவுக்காகக் கண்ணீர் வடித்தவர் அவர். பலஸ்தீனத்தில் நிகழும் கொடுமை அவரைக் கோபப்படுத்தியிருந்தது. அக்கோபம் நியாயமானது. ஆனால் ஒரு கூட்டத்தார் மீதான பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்பது சூரத்துல் மாஇதா நமக்குத் தரும் கட்டளை. பொய்ச்சாட்சியம் பெரும்பாவம் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, யாருக்கு எதிரான பொய் என்று விதிவிலக்கு வைக்கவில்லை.

அவரிடம் நான் ஒரு தந்தியைப் பற்றிக் கூறினேன். 1943 ஜனவரியில் நாஸி அதிகாரி ஹெர்மன் ஹொஃப்லே அனுப்பியது அது. ட்ரெப்ளிங்கா உட்பட நான்கு முகாம்களுக்கு 1942 முடிவுவரை கொண்டுவரப்பட்டோர் 12,74,166 பேர் என்று அதில் உள்ளது. எதிரி எழுதிய கணக்கல்ல. கொன்றவர்களே எழுதிய கணக்கு. பிரித்தானியர் இடைமறித்த அத்தந்தி, 2000ஆம் ஆண்டில்தான் ஆவணங்களிடையே கண்டெடுக்கப்பட்டது.

இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அக்காலத்தில் பொஸ்னிய முஸ்லிம்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். நாஸிப் படையில் சேர்ந்தவர்களும் இருந்தனர். அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் சரயேவோ நூதனசாலையில் பணிபுரிந்த தெர்விஷ் கொர்குத் என்ற முஸ்லிம் அறிஞர், 1942இல் யூதர்களின் பழம்பெரும் கையெழுத்துப் பிரதியொன்றை நாஸித் தளபதியிடமிருந்து மறைத்துக் காத்தார். யூதப் பெண்பிள்ளை ஒருத்திக்குத் தம் வீட்டிலேயே அடைக்கலமும் அளித்தார். அந்நூல் இன்றும் அந்த நூதனசாலையில் இருக்கிறது.