பதிந்துபோன ஸ்பிரிங்கும் பின்னால் ஏறும் உயிர்களும்

(தோட்டத்துப் பிக்கப், லொறி சாரதிகளுக்கும் இளைஞர் கழகத்தினருக்கும் நடத்தப்பட்ட பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாரதிமாருக்கு நடக்கும் வகுப்புக்குத் தாய்மாரை ஏன் அழைத்தோம் என்று சிலர் யோசிக்கலாம். பிக்கப்பின் முன் சீட்டில் இருப்பவர் சாரதி. பின் பெட்டியில் ஏறுபவர்கள் நீங்கள். ஆகவே இன்றைய விஷயம் இரண்டு தரப்புக்கும் உரியது.

எமது தோட்டங்களில் இன்று பிக்கப் செய்யாத வேலை கிடையாது. உர மூட்டை ஏற்றுவதும் அதுதான், கோவா, கரட், லீக்ஸ் மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு போவதும் அதுதான். அம்புலன்ஸ் வராத இரவில் பிரசவ வலியோடு இருக்கும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு இறக்குவதும் பல இடங்களில் அதுதான். இவ்வளவு சுமக்கும் வாகனம் சில வருடங்களில் பின்பக்கம் பதிந்து போகிறது. "பின்னால உக்காந்துருச்சு, ரெண்டு பட்டை போட்டு தூக்கிட்டா சரியாப் போயிரும்" என்கிறார்கள். அது எந்த அளவுக்குச் சரி, எங்கே பிழை என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது?

பின் சக்கரங்களின் பக்கத்தில், செசிக்குக் கீழே, வில் போல வளைந்த உருக்குப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1968இல் டொயோட்டா ஹைலக்ஸ் முதன்முதலில் வந்தபோதும் பின்னால் இந்தப் பட்டை ஸ்பிரிங்தான். இன்றும் பாரம் ஏற்றும் பிக்கப்புகள் பெரும்பாலானவற்றில் இதுவே இருக்கிறது.

பட்டைகளில் நீளமானது மெயின் பட்டை. அதன் இரு முனையும் வளையமாகச் சுருட்டியிருக்கும். முன் வளையம் செசியில் நேராக மாட்டியிருக்கும். பின் வளையம் ஷெக்கிள் என்ற சின்ன ஊஞ்சலில் தொங்கும். பாரம் ஏறியதும் வில் நிமிர்ந்து நீள்கிறது. அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதற்குத்தான் ஊஞ்சல். பட்டைகளின் நடுவில் ஒரு சென்டர் போல்ட் போகிறது. யூ போல்ட்டுகள் முழுக் கட்டையும் அக்சலோடு இறுக்கிப் பிடிக்கின்றன.

உருக்குக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் வளைத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அதைத் தாண்டித் தாண்டி வளைத்தால் திரும்பாது. குன்றும் குழியுமான தோட்டப் பாதையில், அளவு மீறிய பாரத்தோடு, ஒரு நாளில் ஆயிரம் தடவை குலுங்கினால் எந்த வில்லும் நிமிர்ந்து போகும். வருடக்கணக்காக முதுகில் கூடை சுமக்கும் தாய்மாருக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

முதலில் அளந்து பாருங்கள்

வெறும் பிக்கப்பின் வால் சற்று உயர்ந்து நிற்பது குறையல்ல. பாரம் ஏற்றினால் மட்டமாக வரட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். வெறுமையாக நிற்கும்போதே வால் தாழ்ந்திருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

பக்டரி முற்றம் போன்ற சமதரையில் வண்டியை வெறுமையாக நிறுத்துங்கள். நான்கு டயருக்கும் காற்று சரியாக இருக்கட்டும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்காட் விளிம்பு வரை அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் களைத்துப் போனதாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே பட்டை உடைந்திருக்கலாம், ஷெக்கிள் புஷ் தேய்ந்திருக்கலாம், செசியில் ஷெக்கிள் மாட்டும் இடம் துருப்பிடித்து வெடித்திருக்கலாம். மழையும் பனியும் உள்ள எமது மலைநாட்டில் கடைசியாகச் சொன்னதை மறக்கக் கூடாது. செசி வெடித்த வண்டிக்குப் புது ஸ்பிரிங் போடுவது, சுவர் விழப்போகும் லயத்துக்குப் புதுத் தகரம் அடிப்பதற்குச் சமம்.

பட்டைகளைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, டோர்ச் லைட் அடித்துப் பாருங்கள். சென்டர் போல்ட்டுக்குப் பக்கத்திலும் வளையத்தின் கழுத்திலும் மயிரிழை வெடிப்புகள் வரும். வெடித்த பட்டையை வெல்டிங் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது கூடவே கூடாது. வெல்டிங் சூட்டில் உருக்கின் பதம் கெட்டு, மறுபடி பக்கத்திலேயே உடையும்.

இன்னுமொன்று. "ஷொக் போயிருச்சு, அதான் பின்பக்கம் பதிஞ்சிருச்சு" என்பார்கள். சாதாரண ஷொக் அப்சோபர் பாரத்தைத் தாங்குவதில்லை. வண்டி துள்ளுவதை அடக்குவதுதான் அதன் வேலை. பதிந்த வண்டிக்குப் புது ஷொக் போட்டால் காசுதான் போகும்.

தூக்கும் வழிகள்

ஒன்று, இரு பக்கமும் அந்த வண்டிக்கு உரிய சரியான ஸ்பிரிங் கட்டை மாற்றுவது. செலவு கூட, ஆனால் இதுவே முறை. பழைய கட்டு ஒன்றை வாங்குவதானால் வெடிப்பு உண்டா, இரண்டும் ஒரே வளைவா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து ஓடும்.

இரண்டு, பழைய பட்டைகளை மறுபடி வளைத்து எடுப்பது. பழக்கமுள்ள ஸ்பிரிங் பாஸ் ஒருவர் பட்டைகளைக் கழற்றிக் குளிராகவே அடித்து வளைப்பார். களைத்த உருக்கு என்பதால் திரும்பவும் பதியும். நெருப்பில் காய்ச்சி வளைத்து, பிறகு முறையாகப் பதம் ஏற்றாமல் விட்டால் இன்னும் சீக்கிரம் பதியும், அல்லது ஒடியும்.

மூன்று, ஒரு பட்டை கூட்டுவது. உயரமும் வரும், விறைப்பும் வரும். பாரத்தோடு நன்றாக இருக்கும். வெறுமையாகத் திரும்பி வரும்போதுதான் ஆபத்து. விறைத்த ஸ்பிரிங் குழியில் வளையாமல் சக்கரத்தைத் துள்ள வைக்கும். மழையில் நனைந்த வளைவில் துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை.

நான்கு, அக்சலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது. உயரம் மட்டும் வரும். ஸ்பிரிங் பழைய நோஞ்சான் ஸ்பிரிங்தான். கட்டைக்கு மேல் கட்டை அடுக்குவதும், மரக்கட்டை வைப்பதும் உயிரோடு விளையாடுவது. கட்டை நழுவினால் அக்சல் இடம் மாறும்.

ஐந்து, ஷெக்கிளை நீளமாக்குவது. 2 அங்குலம் நீட்டினால் சுமார் 1 அங்குலம்தான் வண்டி உயரும். ஷாப்ட் சேரும் கோணமும் மாறுவதால் அதிர்வு வரலாம். இதிலும் தாங்கும் சக்தி கூடுவதில்லை.

செசிக்கும் அக்சலுக்கும் நடுவில் காற்றுப் பை பொருத்தும் முறையும் உண்டு. பாரம் உள்ளபோது காற்றைக் கூட்டி, இல்லாதபோது குறைக்கலாம். ஆனால் அதுவும் வண்டியை மட்டப்படுத்துமே தவிர, பாரம் ஏற்றும் அளவைக் கூட்டாது.

வேலை செய்யும்போது

ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, செசியை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகுதான் யூ போல்ட்டில் கை வைக்க வேண்டும். சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் பட்டைகளைக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். இல்லாவிட்டால் வில் விரிந்து முகத்தில் அடிக்கும். கழற்றிய பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதிதாகவே போடுங்கள். ஷெக்கிள் போல்ட்டுகளின் கடைசி இறுக்கு, சக்கரம் நிலத்தில் நின்று வண்டியின் பாரம் இறங்கிய பிறகுதான். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். பின் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.

பிரேக்கும் லைட்டும்

வால் பதிந்தால் முன் லைட் மேலே பார்க்கும். றம்பொடை வளைவுகளில் பனிமூட்டத்தில் எதிரே வரும் சாரதியின் கண்ணைக் கூசச் செய்யும். முன் சக்கரத்தின் பிடிமானமும் குறையும். ஆகவே பதிந்த வண்டியைத் திருத்தத்தான் வேண்டும்.

ஆனால் பிழையாகத் தூக்கினால் வேறோர் ஆபத்து. பல பிக்கப்புகளில் பின் அக்சலிலிருந்து ஒரு கம்பி செசியில் உள்ள பிரேக் வால்வுக்குப் போகிறது. பெட்டி தாழ்ந்தால் "பாரம் இருக்கு" என்று பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். பெட்டி உயர்ந்தால் "வண்டி வெறும் வண்டி" என்று குறைத்துவிடும். நாம் 2 அங்குலம் தூக்கி, அந்த வால்வைச் சரிசெய்யாமல் முழுப் பாரம் ஏற்றினால் வால்வு ஏமாந்து போகும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். மிச்சம் எல்லாம் முன் பிரேக்கின் தலையில். நீண்ட இறக்கத்தில் அது சூடாகிப் பிடிக்காமல் போகலாம். ஆகவே உயரம் மாற்றிய பின் அந்தக் கம்பியைச் சரிபார்க்காமல் வண்டியை கராஜிலிருந்து எடுக்க வேண்டாம்.

இறக்கத்தில் பிரேக்கின் பெறுமதி எமக்குத் தெரியாததல்ல. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல பாதையில் பஸ் ஒன்று வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அது பஸ், பிக்கப் அல்ல. ஆனால் எமது பிக்கப்புகள் இறங்குவதும் அதே மாதிரியான சரிவுகளில்தான்.

கணக்குப் போடுவோம்

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் வெறும் எடையும் மொத்த எடையும் கிலோவில் இருக்கும். உதாரணத்துக்கு, மொத்தம் 2700, வெறும் எடை 1700 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1000 கிலோ. சாரதியும் உதவியாளும் 130 கிலோ என்றால் பெட்டிக்கு 870. அதாவது 50 கிலோ மூட்டை 17தான். "இன்னொரு எட்டு மூட்டைதானே அண்ணே" என்று ஏற்றினால் 380 கிலோ அதிகம். புது ஸ்பிரிங் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. அக்சல், பெயாரிங், டயர், பிரேக், செசி எல்லாம் பழைய அளவிலேயே இருக்கின்றன.

இதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தோம். பதிந்த வண்டி, "பாரம் கூடிப்போச்சு" என்று எமக்குச் சொல்கிறது. தூக்கிய வண்டி அதைச் சொல்லாது. பாரம் ஏற்றியும் மட்டமாக நிற்பதைப் பார்த்து, இன்னும் ஏற்றலாம் என்று மனம் சொல்லும். அங்கேதான் சாவு காத்திருக்கிறது. மூட்டையாவது போட்ட இடத்தில் கிடக்கும். பெட்டியில் நிற்கும் ஆட்கள் வளைவில் ஒரே பக்கம் சரிவார்கள், வண்டியும் அவர்களோடு சரியும்.

சாரதித் தம்பிமாரே, "ஏத்து, ஒன்னும் ஆகாது" என்று சொல்பவர் வண்டியில் வருவதில்லை. முதலாளியானாலும் மேற்பார்வையாளரானாலும் பதிவுப் புத்தகத்தைக் காட்டி, "இதுக்கு மேல ஏத்த முடியாதுங்க" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தாய்மாரே, மூட்டைக்கு மேலே ஏறி உட்காரச் சொன்னால் ஏறாதீர்கள். ஒருவர் மறுத்தால் ஏச்சு விழலாம். பத்துப் பேர் சேர்ந்து மறுத்தால் இரண்டாவது பயணம் போக வேண்டிவரும், அவ்வளவுதான். இளைஞர் கழகத்தினர் மாதம் ஒருமுறை தோட்டத்து வாகனங்களை அளந்து கொப்பியில் எழுதி வையுங்கள். போன மாதத்தை விட உயரம் குறைந்தால் உடனே பாஸிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங் கட்டு ஒன்று கடையில் கிடைக்கும். பின்னால் ஏறிய மனிதருக்கு மாற்று எங்கும் கிடைக்காது.