தூது செல்லும் நுண்மி

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றிய உரைகளுக்கு நடுவே மலேரியாத் தடுப்பூசியைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கின்றீர்கள். இது இலக்கிய மேடைக்குப் புறம்பான பொருள் என்று சிலர் கருதலாம். ஆனால் நான் சொல்லப்போவது நமக்கு நெடுநாள் பழகிய ஒரு செய்தியைப் பற்றித்தான். அதன் பெயர் தூது.

அன்னத்தைத் தூது விட்டவர்கள் நாம். கிளியை, மேகத்தை, நெஞ்சை, ஏன், தமிழையே தூது விட்டவர்கள். இந்த வரிசையில் நம் மாவட்டத்துக்குத் தனி உரிமை ஒன்றுண்டு. பழனி முருகனைத் தலைவனாகக் கொண்டு சீனிச்சர்க்கரைப் புலவர் பாடியது 'புகையிலை விடு தூது'. புகையிலையின் கேட்டை அவர் காலத்தார் இன்றுபோல் அறிந்திருக்க மாட்டார்கள். இன்று அதைக் கையில் எடுக்கும் நமக்கோ ஒரு வியப்புத் தோன்றுகின்றது. உடலைக் கெடுக்கும் ஒன்று, நல்ல செய்தியைச் சுமந்து செல்லத் தகுமா? அறிவியலார் கடந்த முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியும் இதுவே. அவர்கள் தூது விட்டது வைரஸை.

முதலில் நோயைச் சொல்லிவிடுகின்றேன். திண்டுக்கல்லுக்கும் காய்ச்சலுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கின்றது. 1809, 1810, 1811 ஆகிய மூன்றாண்டுகள் கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளைக் கொள்ளைக் காய்ச்சல் ஒன்று வாட்டியது. காரணம் அறியச் சென்னை அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. ஒயிட்லா ஏய்ன்ஸ்லி உள்ளிட்ட மூவர் எழுதிய அக்குழுவின் அறிக்கை 1816-இல் லண்டனில் நூலாக வந்தது. அந்நூலின் நீண்ட தலைப்பிலேயே நம் ஊரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. நிலத்தை ஆராய்ந்தார்கள்; பயிர்த்தொழிலை ஆராய்ந்தார்கள்; காற்றை ஐயுற்றார்கள். கொசுவை யாரும் ஐயுறவில்லை. அன்றைய மருத்துவம் கண்ட எல்லை அவ்வளவே. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள்.

காற்றின் மீதிருந்த பழி நீங்க மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். குற்றவாளி அனாபிலிஸ் கொசு என்பது தெளிவாயிற்று. அதில் ஸ்டீபென்சி என்னும் இனம் நம் வீட்டு விருந்தாளி. சாக்கடையைவிட நல்ல தண்ணீரையே அது நாடும். கிணறும், சிமெண்டுத் தொட்டியும், மூடாத மேல்நிலைத் தொட்டியும் அதற்குத் தொட்டில். குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணி, குடத்திலும் தொட்டியிலும் சேர்த்துவைத்துப் பழகிய இவ்வூர் மக்களுக்கு நான் இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மருந்துத் தெளிப்பாலும், இரத்தப் பரிசோதனையாலும், மாத்திரைகளாலும் அந்தக் காய்ச்சல் நம் சமவெளியில் பெரிதும் அடங்கிவிட்டது. உலகில் அது அடங்கவில்லை. 2023-ஆம் ஆண்டில் மட்டும் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

பெரியம்மையை ஒழித்த தடுப்பூசி மலேரியாவுக்கு மட்டும் ஏன் இத்தனை காலம் கைகூடவில்லை? மலேரியாவைத் தருவது வைரஸ் அன்று. அதனினும் பன்மடங்கு பெரிய ஒட்டுண்ணி. அதற்கு 5,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. கொசு கடித்த ஒரு மணி நேரத்துக்குள் அது கல்லீரலுக்குள் புகுந்துவிடும். அங்கே ஏறத்தாழ ஒரு வாரம் அரவமின்றிப் பெருகும். பிறகு இரத்தத்தில் இறங்கும். அப்போதுதான் குளிரும் நடுக்கமும் வரும். ஈரல் அணுவுக்குள் ஒளிந்திருக்கும் நாட்களில், இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்கள் அதனை எட்டமாட்டா. பீடிக்கப்பட்ட அணுவை இனங்கண்டு அழிக்கவல்லவை டி அணுக்கள் என்னும் காவலர்களே. அந்தக் காவலர்களைத் தட்டி எழுப்ப வேண்டுமானால், செய்தி உடலின் அணுவுக்குள்ளேயே சென்று சேரவேண்டும்.

அணுவின் கதவு பூட்டிய கதவு. பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு பேசுகின்றேன். பூட்டின் அருமையும் சாவியின் அருமையும் நீங்கள் அறிவீர்கள். இயற்கையில் அந்தச் சாவியை வைத்திருப்பது வைரஸ். ஆகவே அறிவியலார் அதனையே பிடித்தார்கள். சளியும் காய்ச்சலும் தரும் அடினோ வைரஸில், பெருகுவதற்கு இன்றியமையாத மரபணுவை நீக்கினார்கள். அந்த இடத்தில் மலேரியா ஒட்டுண்ணியின் ஒரேயொரு புரதத்துக்குரிய மரபணுவை வைத்தார்கள். இப்போது அதனிடம் சாவி இருக்கின்றது. பெருகும் ஆற்றல் இல்லை. அணுவுக்குள் சென்று ஓலையைக் கொடுக்கும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. ஓலையைப் படித்த அணு அந்தப் புரதத்தைத் தானே செய்து காட்டும். காவலர்கள் பகைவனின் முகத்தை, பகைவன் வருமுன்பே அறிந்துகொள்வார்கள்.

ஆனால் முன்பே அறிமுகமான தூதனை வாயிலிலேயே மறித்துவிடும் வழக்கம் உடலுக்கு உண்டு. மனிதரைத் தொற்றும் அடினோ வைரஸ்களை நம்மில் பலர் சிறுவயதிலேயே சந்தித்துவிடுகின்றோம். அதனால் நமக்கு அறிமுகமில்லாத சிம்பன்சிக் குரங்கின் அடினோ வைரஸைத் தேர்ந்தார்கள். சில வாரங்கள் கழித்து அதே செய்தியை வேறொரு தூதனிடம் கொடுத்து மறுபடி அனுப்பினார்கள். அந்த இரண்டாம் தூதன் நம் முன்னோருக்குத் தெரிந்தவன்.

இங்குள்ள பெரியவர்கள் பலரின் மேற்கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். அந்தத் தழும்பைத் தந்தது வாக்சினியா என்னும் வைரஸ். கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் கன்றுகளின் தோலில் வளர்த்து அதனை மாகாணமெங்கும் அனுப்பினார்கள். அதே இனத்து வைரஸ் ஒன்றை ஜெர்மனியில் ஆண்டன் மயர் என்பார் கோழிக்கரு அணுக்களில் 500 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தார். மனித உடலில் பெருகும் வல்லமையை அது இழந்தது. தீங்கு கழிந்த அந்த முதியவனே மலேரியாவின் இரண்டாம் ஓலையைச் சுமந்தான்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் ஏட்ரியன் ஹில் தலைமையில் இந்த ஆய்வு நடந்தது. அதன் முடிவை மறைக்காமல் சொல்லவேண்டும். தன்னார்வலர் 14 பேருக்கு ஊசி போட்டு, பிறகு மலேரியா தொற்றச் செய்தபோது முழுமையாகக் காக்கப்பட்டவர் மூவர். கென்யாவில் வளர்ந்த ஆண்களிடம் தொற்று 67 விழுக்காடு குறைந்ததாக 2015-இல் அறிவித்தார்கள். நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் யாருக்காக இந்த முயற்சியோ அந்தக் குழந்தைகளிடம், புர்கினா பாசோ நாட்டில் சோதித்தபோது, குறிப்பிடத்தக்க பாதுகாப்புக் கிட்டவில்லை. தூதன் போய்ச் சேர்ந்தான், ஓலையும் படிக்கப்பட்டது, எனினும் கோட்டை காக்கப்படவில்லை. அவர்கள் அந்தத் தோல்வியையும் அச்சில் ஏற்றினார்கள். ஒரு வரியைத் தாமே அடித்துவிடும் கவிஞனுக்கு வேண்டிய நேர்மை அது.

அந்த உழைப்பு வீண் போயிற்றா? உங்கள் கைகளைக் கேளுங்கள். 2021-இல் இந்நாட்டில் பெரும்பாலோருக்குப் போடப்பட்ட கோவிஷீல்டு எது? சிம்பன்சி அடினோ வைரஸ் ஒன்றில் கொரோனாவின் முள்புரதத்துக்குரிய செய்தியை ஏற்றிய ஊசிதான். அதை உருவாக்கிய குழுவின் சேரா கில்பர்ட் 1994-இல் ஆக்ஸ்போர்டுக்கு வந்து முதலில் ஆராய்ந்தது மலேரியாவை. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காகப் பழக்கிய தூது, முதலில் காத்தது நம்மை. இந்தக் கடனை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று சொல்லவே இன்று வந்தேன். அத்தூதுக்கும் குறை உண்டு. மிக அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறையும் கேடு நேர்ந்ததை 2021-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்வதே உண்மை.

மலேரியாவுக்குக் கடைசியில் வழி திறந்தது, முழு வைரஸைத் தூது விடுவதில் அன்று. வைரஸின் மேலாடையைக் கடன் வாங்குவதில். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்புறப் புரதத்தை ஈஸ்ட்டில் செய்து, அதன்மேல் மலேரியா ஒட்டுண்ணியின் புரதத் துண்டைக் கோத்தார்கள். இவ்வழியில் வந்த முதல் தடுப்பூசியை 2021 அக்டோபரிலும், ஆர்21 எனப்படும் இரண்டாவதை 2023 அக்டோபரிலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆர்21-ஐ வகுத்ததும் அதே ஆக்ஸ்போர்டுக் குழு. பெருமளவில் செய்வது நம் புனே நகரத்துச் சீரம் நிறுவனம். இன்று நம் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் பச்சிளங் குழந்தைக்கு முதல் நாளே போடும் மஞ்சள்காமாலைத் தடுப்பூசியில் இருப்பதும் அந்த ஹெபடைடிஸ் பி புரதமே. நம் குழந்தை அறிந்த ஆடையை உடுத்தித்தான் அந்தச் செய்தி ஆப்பிரிக்கக் குழந்தையிடம் செல்கின்றது.

செல்வது அது மட்டுமன்று. நம் கிணற்றடிக் கொசுவாகிய ஸ்டீபென்சியும் கடல் கடந்துவிட்டது. 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாட்டில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது; பிறகு எத்தியோப்பியாவுக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. நோயைச் சுமப்பதும் இந்நிலத்துக் கொசு. மருந்தைச் சுமப்பதும் இந்நிலத்துப் புட்டி. நம் பொறுப்பு எவ்வளவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். நம் வேலையும் முடிந்துவிடவில்லை. தமிழகத்தில் மிகுதியாகக் காணும் விவாக்ஸ் வகை மலேரியா ஈரலில் மாதக்கணக்கில் உறங்கி மீண்டும் எழும். மேற்சொன்ன இரு தடுப்பூசிகளும் பால்சிபாரம் என்னும் வேறு வகைக்கே உரியவை. விவாக்ஸுக்கும் இதே சிம்பன்சித் தூதனை அனுப்பிப் பார்த்தார்கள். ஒட்டுண்ணியின் பெருக்கம் குறையவில்லை. டெல்லி ஆய்வுக்கூடத்தில் சேத்தன் சிட்னிஸ் குழுவினர் உருவாக்கிய புரதத்தை நேரே கொடுத்தபோதுதான் பெருக்கம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2023-இல் வெளியிட்டார்கள். சில நேரங்களில் தூதின்றி நேரில் செல்வதே நன்று போலும்!

இனிக் கவிஞர்களாகிய உங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள்.

முதலாவது சொல்லைப் பற்றியது. ஆங்கிலத்தில் நோயைச் சுமக்கும் கொசுவுக்கும் தடுப்பைச் சுமக்கும் வைரஸுக்கும் வெக்டார் என்ற ஒரே பெயர். சுமப்பவன் என்பது அதன் மூலப் பொருள். சுமப்பவனுக்கு நன்மை தீமை இல்லை. சுமையைப் பொறுத்தே அவன் பகைவனோ நண்பனோ ஆகின்றான். நாமோ வைரஸை நச்சுயிரி என்றும் தீநுண்மி என்றும் அழைக்கின்றோம். பெயரிலேயே நஞ்சும் தீயும் ஏறிவிட்டன. நஞ்சு களைந்த ஒன்றை, 'தீநுண்மியை உடலில் செலுத்துகின்றார்கள்' என்று எழுதினால், படிக்கும் தாய் அஞ்சாமல் என்ன செய்வாள்? தூதுநுண்மி என்று நான் சொல்லிப் பார்க்கின்றேன். இதனினும் நல்ல சொல் உங்களிடமிருந்து வரட்டும்.

இரண்டாவது, அந்தத் தாயைப் பற்றியது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ருபெல்லாத் தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பெற்றோர் பலர் தயங்கினார்கள்; முகாமின் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது. வதந்தி எளிய தமிழில், அழுத்தமான சொற்களில், உறவினர் குரலில் வந்தது. விளக்கமோ அலுவலகத் தமிழில் வந்தது. அணுவின் பூட்டுக்குச் சாவி கண்டவர்கள் ஆய்வாளர்கள். மனத்தின் பூட்டுக்குச் சாவி மொழியறிந்தவர்களிடம் இருக்கின்றது. நன்மையையும் சொல்லி, அரிய தீமையையும் சொல்லி, தோல்வியையும் ஒளிக்காமல் சொல்லும் மொழி வேண்டும். பொய்யுரைக்கும் தூதனை ஒருமுறை கண்டுகொண்ட வாயில், மறுமுறை மெய்யுரைப்பவனுக்கும் திறப்பதில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊரின் காய்ச்சலுக்குக் காற்றின்மீது பழிபோட்டவர்கள், தெரிந்ததைத் தம்மாலியன்ற அளவு எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகு தெரிந்தவற்றை எழுதவேண்டிய கடமை நமக்கு இருக்கின்றது. அடுத்த ஆண்டு விழா மலரில் அப்படி ஒரு கவிதையேனும் இடம்பெறுமானால் என் உரை பயன் பெற்றதாகக் கொள்வேன்.